மௌனத்துக்குள் நுழைந்த சிரிப்பு

நாட்டு நாள் அணிவகுப்பு தொலைக்காட்சியில் ஓடும்போது திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதற்குள் கருப்புச் சட்டை போட்ட ஒரு பெண் கைகளை அசைத்துக்கொண்டே இருப்பாள். காது கேட்பவர்கள் அவளைக் கவனிப்பதில்லை. சுவரில் பல்லி இருப்பதைப் போல அவள் பாட்டுக்கு அங்கே இருப்பாள். காது கேளாதவர்கள் மற்றதை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு அவளைத்தான் முழுக்கண்ணால் பார்ப்பார்கள். கைமொழியில் சேதி சொல்லும் அந்தப் பெண்ணுக்கு நிலையத்தில் பெட்டியம்மா என்று பெயர். பெட்டிக்குள் இருப்பதால் வந்த பெயர். கேன்டீன்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அணிவகுப்பு நடக்கும் திடலுக்கும் அவளுக்கும் சம்பந்தமே கிடையாது. அவள் நிற்பது நிலையத்தின் இரண்டாம் மாடியில், பின்னால் பச்சைத் துணி தொங்கவிட்ட ஒரு சின்ன அறையில். பச்சை எதற்கு என்றால், அந்த நிறம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இயந்திரம் படத்தை வழித்து எறிந்துவிடும். மிச்சம் இருக்கும் ஆளை எந்தப் படத்தின் மேலும் ஒட்டலாம். கருப்புச் சட்டை எதற்கு என்றால், கை பளிச்சென்று தெரிய வேண்டும். எதிரே கேமரா, அதற்குக் கீழே திடலின் படம் ஓடும் ஒரு திரை, காதில் வர்ணனையாளரின் குரல். அவ்வளவுதான் அவள் உலகம்.

குரல் காதில் விழுந்ததும் கை ஆடிவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். நம் பேச்சில் வினை கடைசியில்தான் வந்து சேரும். "கடற்படை வீரர்கள் மேடைக்கு எதிரே" என்று கேட்டதும் அவசரப்பட்டுக் கையைத் தூக்கினால், அவர்கள் மேடைக்கு எதிரே நின்றார்களா, கடந்து போனார்களா, மயங்கி விழுந்தார்களா என்று தெரியாமல் கை அந்தரத்தில் தொங்கும். அதனால் வாக்கியம் முடிகிற வரை காத்திருந்து, அதை மனதில் வாங்கி, பிறகுதான் கையில் விட வேண்டும். வர்ணனையாளர் அடுத்த வாக்கியத்தில் இருக்கும்போது அவள் முந்தைய வாக்கியத்தில் இருப்பாள். எப்போதும் ஓர் அடி பின்னால்.

முகமும் சும்மா இருக்காது. புருவம் உயர்ந்தால் கேள்வி. கன்னம் உப்பினால் பெரியது, உதடு குவிந்தால் மெல்லியது. கேட்கிற பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் செய்கிற வேலையெல்லாம் கைமொழியில் முகத்தின் தலையில்தான் விழும்.

ஓர் அடி பின்னால் நிற்பதும் முகமும் சேர்ந்துதான் இந்த வருடம் அவளைக் கவிழ்த்தன.

கோளாறு போன வருடமே தொடங்கிவிட்டது. அணிவகுப்பு ஒளிபரப்பு இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கிறது என்று பாதிப் பேர் நிலையத்துக்குப் புகார் செய்தார்கள். மீதிப் பாதிப் பேர், நாட்டுக்காகச் செத்தவர்களை நினைக்கும் நாளைக் கேளிக்கைக் கூத்தாக்கிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். நிகழ்ச்சித் தலைவி, எல்லாருக்கும் மேடம், இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தார். வருடக்கணக்காக அணிவகுப்புக்குக் குரல் கொடுத்துவரும் பெரியவர் பக்கத்தில், காலை நிகழ்ச்சியில் ஊரைச் சிரிக்கவைக்கும் இளைஞனை உட்காரவைத்தார். பெரியவருக்கு நிலையத்தில் கல்வெட்டு என்று பெயர். ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்னமே எழுதி, திருத்தி, மறுபடி எழுதி, அன்றைக்கு அதை எழுத்துப் பிசகாமல் படிப்பார். இளைஞன் பெயர் பட்டாசு. அவன் எதையும் எழுதுவதில்லை.

இந்த வருட அணிவகுப்பு நன்றாகத்தான் போனது. நினைவுக் கல்லுக்கு முன்னால் எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காக்கும் நேரம் நெருங்கியது. அதற்குச் சற்று முன்னால் வாத்தியக் குழுவில் பெரிய ஊதுகுழல் வாசிப்பவரின் தொப்பி மெதுவாக நழுவி, கண்ணை மறைத்து, மூக்கில் வந்து நின்றது. இரண்டு கையும் வாத்தியத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் மனிதரால் அதைத் தள்ள முடியவில்லை. பட்டாசு விடுவானா. தொப்பி இறங்கினாலும் சுதி இறங்கவில்லை பாருங்கள், மூச்சை ஊதிக்கொண்டே தொப்பியையும் ஊதி மேலேற்றப் பார்க்கிறார் என்று சொல்லி முடித்தான். சொல்லி முடித்த கையோடு திடல் அமைதியானது. படம் மாறியது. கல்லுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் குடும்பங்கள், ஈரமான கண்கள், அசையாத தலைகள்.

பெட்டியம்மா அப்போதுதான் தொப்பிக்கு வந்திருந்தாள். கன்னம் இரண்டும் பந்து போல உப்பியிருக்க, கண்ணை மேலே உருட்டி, இல்லாத தொப்பியை ஊதிக்கொண்டிருந்தாள். கீழே இருந்த திரையில் படம் மாறியதைப் பார்த்து அவள் கையைக் கீழே போடுவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. நாடே அசையாமல் நின்ற அந்தப் பொழுதில், திரையில் அசைந்தது அவள் ஒருத்திதான். வருடக்கணக்காக யாரும் பார்க்காத பல்லியை அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள்.

அந்தத் துண்டுப் படம் கைப்பேசி கைப்பேசியாகப் பயணம் போனது. மறுநாள் மேடம் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நிர்வாகத்தின் முன்னால் இரண்டு யோசனை இருக்கிறது என்றார். ஒன்று, பெட்டி இருக்கும், ஆனால் அதற்குள் இருப்பவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டக் கூடாது. இன்னொன்று, பெட்டியையே எடுத்துவிட்டுத் திரையின் அடியில் எழுத்து ஓடவிடுவது. எழுத்துக்குக் கன்னம் கிடையாது, சிக்கல் இல்லை.

"முடிவு இன்னும் எடுக்கல. நாளைக்கு வாங்க. இதைப் பாக்கறவங்கள்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு என்னதான் வேணும்னு நேர்ல கேட்டுடலாம்" என்றார் மேடம்.

கூட்டிக்கொண்டு போக ஆள் தேட வேண்டியதில்லை. அவளுடைய அண்ணன் பிறவியிலேயே காது கேளாதவர். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் வில்லை தேய்ப்பது அவர் வேலை. பெட்டி போனால் முதல் அடி அவருக்குத்தான். எழுத்து ஓடினால் படித்துக்கொள்ளட்டுமே என்று காது உள்ளவர்களுக்குத் தோன்றும். ஆனால் எழுதுகிற மொழி குரலிலிருந்து பிறந்தது. குரலையே கேட்காதவருக்கு அது பள்ளியில் படித்த அயல்மொழி. அண்ணன் ஒரு வரியைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பீரங்கி வண்டிகள் போய்ச் சேர்ந்திருக்கும்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் நாற்காலிகள் இன்னும் அரைவட்டமாகக் கிடந்தன. கைமொழிக்காரர்கள் வரிசையாக உட்கார மாட்டார்கள். ஒருவர் கை ஒருவருக்குத் தெரிய வேண்டும். நேற்று அண்ணனின் நண்பர்கள் குடும்பத்தோடு இங்கேதான் அணிவகுப்பு பார்த்திருக்கிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டாள். அண்ணி முந்திக்கொண்டு கதை சொன்னாள். அவளுக்கும் காது கேட்காது. கைவேகத்தில் புருஷனை மிஞ்சுவாள். தொப்பி ஊதியவரை வைத்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது படம் உறைந்துவிட்டதாம். டிவி மாட்டிக்கொண்டது என்று ஒருவர் எழுந்து போய் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாராம். பெட்டிக்குள் இவள் அசைகிறாளே, அப்படியானால் டிவி நன்றாகத்தானே இருக்கிறது என்று இன்னொருவர் தடுத்தாராம். பாதி உறைந்து பாதி ஓடும் டிவியை எங்கே ரிப்பேருக்குக் கொடுப்பது என்று பெரிய விவாதம் நடந்ததாம்.

அவளும் சிரித்தாள். பிறகு நாளைய விஷயத்தைச் சொன்னாள். பெட்டி போய்விடலாம் என்றதும் அண்ணன், அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார்.

மேடத்தின் அறையில் கல்வெட்டும் பட்டாசும் முன்னமே உட்கார்ந்திருந்தார்கள். கல்வெட்டு நாட்டு நாள் என்றால் தலை நிமிர வேண்டும் என்றும், நிமிர்ந்த தலையில் தொப்பி நிற்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டாசு, சந்தோஷப்படுவதற்காகச் சுதந்திரம் வாங்கிவிட்டு அதை ஏன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கொண்டாட வேண்டும் என்று கேட்டான். இருவரும் நெடுநேரமாக இதையே பேசிக்கொண்டிருந்தார்கள் போல. தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கைமொழியைக் குரலில் சொல்லும்போது இடையில் நிற்பவர் "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். தன் வாயை அவருக்கு வாடகைக்கு விட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கூட்டுவதும் கூடாது, குறைப்பதும் கூடாது. அண்ணன் மேடத்துக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் கை தெரியும்படி அவள் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "போன வருஷம் ரொம்ப சீரியஸா போட்டோம். இந்த வருஷம் கலகலப்பா போட்டோம். சாருக்கு எது பிடிச்சது?"

அண்ணனின் புருவம் சுருங்கியது. கை எழுந்தது. அவள் குரல் கொடுத்தாள்.

"போன வருஷம் சீரியஸா இருந்துச்சா? யார் சொன்னா? போன வருஷம்தான் வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

கல்வெட்டு காதில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் நிறுத்தவில்லை. அடுத்து அவர் கை சொன்னதைப் பார்த்ததும் பெட்டியம்மா வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டாள். அதை அப்படியே சொன்னால் பெட்டி போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேடத்துக்குக் கைமொழி தெரியாது. அண்ணனுக்குத் தன் தங்கை என்ன சொன்னாள் என்று கேட்காது. இந்த அறையில் இரண்டு பக்கமும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வேறு எதையாவது மழுப்பிச் சொல்லிவிட்டால் காற்றுக்கூட காட்டிக்கொடுக்காது.

அண்ணன் அவள் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தார். சின்ன வயதிலிருந்து அவர் அப்படித்தான் காத்திருப்பார், அவள் சொல்லிவிட்டாள் என்று நம்பிக்கொண்டு.

"இந்த வருஷம் அந்தப் புதுப் பையன் நடுவுல நடுவுல ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தான்" என்றாள். "அதைச் சொல்றதுக்கே என் தங்கச்சிக்கு நேரம் போயிடுச்சு. மத்த வருஷம் எல்லாம் அவளே எல்லாத்தையும் கவனிச்சுச் சொல்லுவா. குதிரை எப்படி நடக்குது, யாருக்கு முட்டி வலிக்குது, எல்லாம். அதுக்காகத்தான் நாங்க பாக்கறதே."

பட்டாசு முதலில் வாயைத் திறந்தான். "அடப்பாவி. எனக்குப் போட்டி பெட்டிக்குள்ள இருந்திருக்கு. நான் ஐயாவைப் பாத்துல்ல பயந்துக்கிட்டிருந்தேன்."

கல்வெட்டு சிரிக்கவில்லை. "நான் எழுதினதை மாத்திட்டியாம்மா?" என்று கேட்டார். கோபத்தைவிட அதில் திகைப்புதான் அதிகம் இருந்தது.

மேடம் போன வருடப் பதிவை எடுத்து, சத்தத்தை அடைத்துவிட்டு, சுவரில் இருந்த பெரிய திரையில் ஓடவிட்டார். எல்லாரும் முதல்முறையாக மூலையில் இருந்த கட்டத்தை மட்டும் பார்த்தார்கள். கல்வெட்டுக்குத் தான் படித்தது மனப்பாடம். உதட்டுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். குதிரைப்படை கம்பீரமாக அணிவகுத்து வருகிறது. பெட்டிக்குள் அவள் விரல்கள் நிமிர்ந்து ஒரே சீராக நடந்தன. பிறகு ஒரு ஜோடி விரல் மட்டும் பக்கவாட்டில் நழுவியது; அவள் முகம் கடிவாளத்தை இழுக்கிறவன் முகமாகி, பல்லைக் கடித்து, யாரும் பார்த்துவிட்டார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தது. பெரிய படத்தில் மூன்றாவது குதிரை உண்மையிலேயே பக்கவாட்டில்தான் போய்க்கொண்டிருந்தது.

அவள் எழுந்து நின்று விளக்கினாள். மாட்டிக்கொண்டோம் என்பது ஒரு பக்கம் இருக்க, விளக்கத் தொடங்கியதும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாய்க்கு "வருகிறது" என்று ஒரு சொல் போதும். எப்படி வருகிறது என்று சொல்லாமலே விட்டுவிடலாம். கைக்கு அந்த வசதி கிடையாது. கை நகர்ந்தால் வேகமாகவோ மெதுவாகவோ, நேராகவோ கோணலாகவோ நகர்ந்துதான் ஆக வேண்டும். எப்படி என்று தெரிந்துகொள்ள அவள் படத்தைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் மூன்றாவது குதிரை கண்ணில் படும்.

"நீங்க கம்பீரமான்னு சொன்னதைப் போட்டேன் ஐயா. முதல் ரெண்டு குதிரை கம்பீரமாத்தான் போகுது" என்றவள் கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா மூணாவதை நான் விட்டிருக்கலாம். விடல. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மாற்றப்பட்டது கல்வெட்டின் சொல், அதனால் அவர்தான் சொல்ல வேண்டும் என்று பந்தை அவர் பக்கம் தள்ளிவிட்டார். கல்வெட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்து நேராகக் கேட்டார். மௌனம் எப்படி இருந்தது? முழு வர்ணனையிலும் தான் ஒரு சொல்கூட எழுதாமல் விட்ட இடம் அதுதான், அதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுவதே என்றார்.

அண்ணன் டிவியைத் தட்டிய கதையைச் சொல்வார் என்று பெட்டியம்மா எதிர்பார்த்தாள். அவர் கை வேறு எதையோ சொன்னது, மிகவும் மெதுவாக.

"எங்களுக்கு மௌனம் காதுல வராது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒரே மாதிரிதான். மத்த வருஷம் என் தங்கச்சி கையைக் கீழ போட்டுட்டுத் தலையைக் குனிஞ்சுக்குவா. அதைப் பாத்து நாங்களும் கையைக் கீழ போட்டுடுவோம். கூடத்துல ஒரு கைகூட ஆடாது. எங்களுக்கு அதுதான் மௌனம். இந்த வருஷம் அவ ஆடிக்கிட்டே இருந்தா, நாங்க சிரிச்சுக்கிட்டே இருந்தோம். எங்கள்ல ஒருத்தனோட அப்பா பேரு அந்தக் கல்லுல இருக்கு. அவனும் சிரிச்சான். அப்புறம்தான் அது மௌன நேரம்னு அவனுக்குப் புரிஞ்சுது. சாப்பிடாம எழுந்து போயிட்டான்."

கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு மூச்சில் சொன்னாள். இதை நேற்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அண்ணி டிவி ரிப்பேர் கதையை அவ்வளவு வேகமாகச் சொன்னது எதற்கு என்று இப்போது தெரிந்தது. ஊர் திட்டியது அவள் முகத்தைப் பார்த்து. அவள் பறித்தது யாருடைய மௌனத்தை என்று ஊருக்குத் தெரியாது.

பட்டாசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் சொல்லி முடிச்சதும் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்றான். "இவங்க கை இன்னும் சொல்லிட்டிருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியற மாதிரி பண்ணலாம்" என்றார் கல்வெட்டு. தொழில் பேச்சு வந்ததும் அவர் குரல் நிமிர்ந்தது. திடலில் வர்ணனையாளர்கள் உட்காரும் கூண்டில் அவருக்கு எதிரே ஒரு மேசை விளக்கும் அவருடைய காகிதமும்தான் இருக்கும். அணிவகுப்புப் படம் ஓடும் திரை பக்கவாட்டில் எங்கேயோ இருக்கும். படிக்கிறவருக்கு அது தேவைப்பட்டதில்லை. அந்தத் திரையை நேர் எதிரே வையுங்கள், பெட்டி நன்றாகத் தெரியும்படி வையுங்கள் என்றார். மௌனத்துக்கு முன்னால் கடைசியாகப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், பெட்டிக்குள் கை கீழே இறங்குகிற வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் திடலுக்குச் சைகை போக வேண்டும்.

"அப்போ நாடே இவங்க கைக்காகக் காத்திருக்கணுமா?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு தொப்பியைப் பத்திப் பேச நேரம் இருந்துச்சு, இதுக்குக் காத்திருக்க நேரம் இல்லையா?" என்றார் கல்வெட்டு.

மேடம் அதை யோசித்தார். பிறகு எழுத்து யோசனையை நிர்வாகத்திடம் தானே பேசி நிறுத்திவிடுவதாகச் சொன்னார். முகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியம்மா அதை விட்டுவிடாமல் கேட்டாள்.

"முகம் இருக்கட்டும்" என்றார் மேடம். "ஆனா வர்ணனையில சொல்லாததை நீங்க சொல்றது சரியில்ல. அது வேற கணக்கு."

"சரியில்லதான் மேடம்" என்றாள். மூன்றாவது குதிரையை இனிமேல் கண்ணால் பார்த்துவிட்டு விரலால் சும்மா இருக்க முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு நடந்ததையெல்லாம் கையில் சொன்னாள். இனிமேல் மூன்றாவது குதிரை வராது என்று அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

கல்வெட்டு இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தமில்லாமல். குதிரை மறுபடி வரும்படி ஓட்டச் சொன்னார். வந்தது. "இத்தனை வருஷமா நான் இதைப் பாத்ததே இல்ல. காகிதத்துலதான் கண்ணு" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்த குரலில், எழுதி வைக்காத ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார். "குதிரைப்படை கம்பீரமாக அணிவகுத்து வருகிறது. மூன்றாவது குதிரைக்கு மட்டும், எதனாலோ, மேடையின் பக்கம் போக விருப்பமில்லை." பிறகு பெட்டியம்மா பக்கம் திரும்பினார். "நான் சொல்லிட்டேன். இனிமே நீங்க சொன்னா அது நான் சொன்னதுதான்."

அவள் அதை அண்ணனுக்குக் கையில் சொன்னாள், ஒன்றையும் கூட்டாமல். அண்ணன் கல்வெட்டின் முகத்தை உற்றுப் பார்த்தார், வில்லையில் கீறல் தேடுகிறவரைப் போல. பதில் சொன்னார். அவள் தயங்கி, பிறகு தொழில் தொழில்தான் என்று குரலில் சொன்னாள்.

"வாக்கியம் நல்லா இருக்கு. ஆனா நீங்க சொல்லும்போது உங்க முகம் குதிரையை நம்பல."

"மறுபடி ஓட்டுங்க" என்றார் கல்வெட்டு.